பாராசூட் இறக்கமும் விமான அணிவகுப்பும்: திட்டமிடல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைவீரர்களையும் சரக்கையும் பறக்கும் விமானங்களிலிருந்து பாராசூட் வழியாக இறக்கும் பணி எவ்வாறு திட்டமிடப்படுகிறது, எந்தெந்த இடங்களில் அது பிழைபடுகிறது என்பவை பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. வீரர்களும் சரக்கும் வந்து சேரவேண்டிய நிலப்பரப்பை ராணுவத்தார் டிராப் ஸோன் என்பார்கள். இங்கே அதை இறங்குகளம் என்று குறிக்கிறோம். வேகம் நாட் கணக்கிலும் (1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்), உயரம் அடிக்கணக்கிலும் தரப்படுகின்றன. விமானிகள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

திட்டமிடல் விமானத்திலிருந்து தொடங்குகிறதா, தரையிலிருந்தா?

தரையிலிருந்துதான். இறங்கிய வீரர்கள் எந்தப் பாலத்தை, எந்தச் சாலைச் சந்திப்பைப் பிடிக்கவேண்டும் என்பது முதலில் முடிவாகிறது. அதற்கேற்ப அவர்கள் எங்கே, எந்த வரிசையில் இறங்கவேண்டும் என்பது இரண்டாவது. அந்த வரிசைக்கேற்ப விமானங்கள் எந்த வழியில், எந்த அணியில் வரவேண்டும் என்பது மூன்றாவது. எந்த விமான நிலையத்தில் யார் எந்த விமானத்தில் ஏறவேண்டும் என்பது கடைசி. நடக்கும்போது இதே நான்கும் தலைகீழ் வரிசையில் நடக்கும்.

1971 டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியில் இந்தியப் பாராசூட் ரெஜிமெண்டின் 2-வது பட்டாலியன் குழு இறக்கப்பட்டதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மைமன்சிங், ஜமால்பூர் பக்கமிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தானின் 93-வது பிரிகேடை மறிக்க, லோஹாஜங் ஆற்றின் மீதுள்ள பூங்ளி பாலம் தேவைப்பட்டது. பாலம் முடிவானபின் இறங்குகளம் முடிவாயிற்று. இறங்குகளம் முடிவானபின் விமானங்கள் வந்தன. ஏ.என்.-12, பாக்கெட், டகோட்டா, கரிபு என நான்கு வகை விமானங்கள் அதில் பங்கேற்றன. வெவ்வேறு வேகங்கொண்ட விமானங்களை ஒரே அணியில் கட்டிப் பறக்கவிட முடியாது என்பதால், இப்படிப்பட்ட நிலையில் ஒவ்வொரு வகையும் தனித்தனி ஓடையாகப் புறப்பட்டு, இறங்குகளத்தின் மேல் தனக்குக் குறித்த நிமிடத்தில் வந்து சேரவேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான பாடம் 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் கிடைத்தது. பாலத்தின் அருகே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இருக்கும் என்ற அச்சத்தாலும், பக்கத்து நிலம் தகாது என்ற கருத்தாலும், பாலத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கும் அப்பால் பிரிட்டிஷ் வீரர்கள் இறக்கப்பட்டார்கள். இறக்கம் மிக நேர்த்தியாகவே நடந்தது. ஆனால் பாலத்தின் வடமுனையைச் சென்றடைய முடிந்தது பெரும்பாலும் ஒரு பட்டாலியனுக்கு மட்டுமே. ஒருவருக்கும் கால் முறியாத இறக்கம் என்பதும் பாதுகாப்பான திட்டம் என்பதும் ஒன்றல்ல என்று இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படுவதற்கு அந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

எத்தகைய நிலம் இறங்குகளமாகத் தகும்?

திறந்த வெளி, மென்மையான மண், சுற்றிலும் தண்ணீரோ மின்கம்பியோ உயர்ந்த மரங்களோ இல்லாமை ஆகியவையே விருப்பத்துக்குரியவை. ஆக்ராவுக்கு அருகிலுள்ள மால்புரா இறங்குகளம் பல தலைமுறை இந்தியப் பாராசூட் வீரர்களின் முதல் குதிப்பைப் பார்த்த நிலம்.

தண்ணீரைத்தான் திட்டமிடுவோர் மிகவும் அஞ்சுகிறார்கள். மரத்தில் சிக்கியவரைக் கயிறுகட்டி இறக்கிவிடலாம். முதுகிலும் மார்பிலும் காலிலும் சுமை கட்டிய வீரர் இடுப்பளவு நீரில் விழுந்தாலே எழுந்து நிற்பது அரிது. 1944 ஜூன் 6 அதிகாலையில் பிரான்சின் நார்மண்டியில் மெர்டெரே ஆற்றங்கரையில் ஜெர்மானியர்கள் வெள்ளமாகத் தேக்கிவைத்திருந்த வயல்களில் அமெரிக்க வீரர்கள் பலர் அவ்வாறே மூழ்கினார்கள். ஆகவே இறங்குகளத்தின் எல்லைக்குள் மட்டுமல்லாமல், காற்று தவறாக அடித்தால் வீரர்கள் போய்விழக்கூடிய வெளிவட்டத்திலும் நீர்நிலைகள் குறிக்கப்படவேண்டும். அவை இருந்தால் மிதவை அணிவது கட்டாயமாக்கப்படவேண்டும்.

இடமே போதாவிட்டால் இறக்கத்தைக் கைவிடுவதும் ஒரு திட்டம்தான். 1988 நவம்பர் 3 இரவு, கலகத்தை ஒடுக்க மாலத்தீவுக்கு ஆக்ராவிலிருந்து சென்ற இந்தியப் பாராசூட் வீரர்கள் குதிக்கவில்லை. ஹுல்ஹுலே விமான நிலையம் கலகக்காரர்களின் கையில் இல்லாததால், ஐ.எல்.-76 விமானங்கள் அங்கேயே தரையிறங்கின. நாற்புறமும் கடல் சூழ்ந்த குறுகிய தீவில் இரவில் குதிப்பது என்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை மேலே சொன்ன தண்ணீர்க் கதையோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

இறங்குகளம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்?

இது பள்ளிக்கூடக் கணக்கு. சி-130 போன்ற விமானம் வீரர்களை இறக்கும்போது ஏறத்தாழ 130 நாட் வேகத்தில் பறக்கும். காற்றில்லாத வேளையில் அது நொடிக்கு 67 மீட்டர். ஒரு கதவிலிருந்து நொடிக்கு ஒருவர் வீதம் வெளியேறினால், அடுத்தடுத்த இருவர் தரையில் 67 மீட்டர் தள்ளித் தள்ளி விழுவார்கள். இருபது பேர் கொண்ட வரிசைக்கு இடையில் 19 இடைவெளிகள். அதாவது ஏறத்தாழ 1,270 மீட்டர். இதன் முன்னும் பின்னும் பாதுகாப்பு எல்லை சேர்க்கப்படும்.

கையிலிருப்பது ஆயிரம் மீட்டர் மட்டுமே என்றால், குதிக்கலாம் என்று காட்டும் பச்சை விளக்கு எரியக்கூடிய நேரம் 1,000-ஐ 67-ஆல் வகுக்க வரும் 14.9 நொடி. இங்கே பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கக் கூடாது. 14 என்றே கொள்ளவேண்டும். மீதமுள்ளவர்கள் அடுத்த சுற்றில் இறங்குவார்கள். விமானத்தின் பின்னாலிருந்து 10 நாட் காற்று தள்ளினால் தரைவேகம் 140 நாட் ஆகி, அதே ஆயிரம் மீட்டர் இன்னும் ஒரு நொடி குறுகிவிடும். வரிசையின் கடைசியில் நிற்பவர் பச்சை விளக்கு அணைந்தபின்னும் வேகத்தில் குதித்துவிடுவதே இறங்குகளத்துக்கு வெளியே விழுவதற்கான வழக்கமான காரணம். அவரைத் தடுத்து நிறுத்துவது, கதவருகே நின்று குதிப்பை நடத்தும் ஜம்ப்மாஸ்டரின் கை. விளக்கு மட்டும் அதைச் செய்துவிடாது.

விடுபுள்ளி என்பது என்ன? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

முதல் வீரர் விமானத்தைவிட்டு வெளியேறவேண்டிய வான்புள்ளியே விடுபுள்ளி. இதையும் தரையிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிடுகிறார்கள். முதல் வீரர் விழவேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு முறை பின்வாங்கவேண்டும்: ஒன்று காற்றுக்காக, மற்றொன்று விமானத்தின் வேகத்துக்காக.

காற்றுக்கான நகர்வைத் தரைக்குழுவினர் ஓர் எளிய பெருக்கலால் கண்டுபிடிக்கிறார்கள். நூறு அடிகளில் சொன்ன உயரத்தையும், நாட் கணக்கிலான காற்றின் வேகத்தையும், பாராசூட்டின் வகைக்குரிய மாறிலியையும் பெருக்கினால், மீட்டரில் விடை வரும். விமானத்தில் கொக்கியிட்ட கயிறு தானே இழுத்துத் திறக்கும் வகைப் பாராசூட்டோடு குதிக்கும் வீரருக்கு அமெரிக்கக் கையேடுகள் தரும் மாறிலி 3. சரக்குப் பொதிகளுக்கு 1.5. உயரம் 800 அடி, காற்று 10 நாட் என்றால் 3 × 8 × 10 = 240 மீட்டர்.

அடுத்து, வெளியேறிய வீரர் உடனே நேர்கீழாக விழுவதில்லை. விமானத்தின் வேகம் அவர் உடலிலும் இருக்கிறது. பாராசூட் முழுமையாக விரியும்வரை அவர் முன்னோக்கி எறியப்படுகிறார். அந்தத் தூரம் சி-130 போன்றவற்றுக்கு 229 மீட்டர் என்று கொள்ளப்படுகிறது.

விமானம் வடக்கு நோக்கிப் பறக்கிறது, காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழவேண்டிய இடத்திலிருந்து மேற்கே 240 மீட்டரும், பிறகு தெற்கே 229 மீட்டரும் நகர்ந்தால் விடுபுள்ளி கிடைக்கும். திசையைத் திருப்பிப் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. அப்போது வீரர் 240 மீட்டர் அல்ல, 480 மீட்டர் தள்ளி விழுவார். எனவே இருவர் தனித்தனியே கணக்கிட்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இன்றும் விடப்படவில்லை.

காற்றை எங்கே அளக்கவேண்டும்?

தரையிலும் மேலேயும். மேற்காணும் பெருக்கலில் வரவேண்டியது தரையிலிருந்து குதிக்கும் உயரம்வரை உள்ள காற்றின் சராசரி. இதற்காகச் சிறிய பலூனை ஏற்றி, அது எந்தக் கோணத்தில் விலகிப்போகிறது என்பதைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். தரையில் இலைகூட அசையாதபோது 600 அடியில் 20 நாட் காற்று வீசுவது வைகறை வேளைகளில் அரிதன்று. ஆகவே தரையில் நின்று விரலை நனைத்துப் பார்ப்பவரை நம்பித் திட்டமிடக் கூடாது.

தரைக்காற்று வேறொன்றைத் தீர்மானிக்கிறது: விழும்போது ஏற்படும் அடியை. அமெரிக்கப் படையில் பயிற்சிக் குதிப்புக்கான தரைக்காற்று வரம்பு 13 நாட். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதன் வரலாறு எதுவாயினும், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நெடுங்காலம் பயன்பட்ட டி-10 பாராசூட்டில் வீரர் நொடிக்கு ஏறத்தாழ 22 அடி, அதாவது 6.7 மீட்டர் வேகத்தில் இறங்குவார். இது காற்றே இல்லாதபோது 2.3 மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். 13 நாட் என்பதும் நொடிக்கு 6.7 மீட்டர்தான். எனவே அந்த வரம்பில் கீழ்நோக்கிய வேகமும் பக்கவாட்டு வேகமும் சமமாகி, தரையில் மோதும் ஆற்றல் இருமடங்காகிறது. சுவரின் உயரம் 4.6 மீட்டராகிவிடுகிறது. ‘இரண்டு நாட்தானே கூடுதல், குதித்துவிடலாம்’ என்று சொல்பவரிடம் இந்தச் சுவரைக் காட்டலாம். புதிய டி-11 பாராசூட் நொடிக்கு 19 அடியாக இறக்கத்தை மெதுவாக்குகிறது. ஆனால் பக்கவாட்டுக் காற்றை அதனாலும் குறைக்க முடியாது.

எந்த உயரத்திலிருந்து குதிப்பது நல்லது?

பகைவன் இருந்தால் தாழ்வாக. பயிற்சி என்றால் சற்று உயரமாக. வானில் மிதக்கும் நேரம் குறைந்தால் காற்று இழுத்துச் செல்லும் தூரமும் சுடப்படும் வாய்ப்பும் குறையும். ஆனால் முதற்பாராசூட் விரியாதுபோனால் இரண்டாவதைத் திறக்க நேரம் வேண்டும். 1983 அக்டோபர் 25 அன்று கரீபியத் தீவான கிரெனடாவின் பாயிண்ட் சலைன்ஸ் ஓடுதளத்தின் மேல் அமெரிக்க ரேஞ்சர்கள் 500 அடியிலிருந்து குதித்தார்கள். அந்த உயரத்தில் இரண்டாவது பாராசூட்டால் ஏறத்தாழப் பயனில்லை. அது போர்க்காலத்தில் தெரிந்தே ஏற்ற துணிவு. பயிற்சியில் அதைச் செய்து காட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை.

லே போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் கணக்கு மாறுமா?

மிகவும் மாறும். லே விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 10,600 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 72 விழுக்காடுதான். பாராசூட் இறங்கும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கூடுவதால், வீரர் 17 அல்லது 18 விழுக்காடு விரைவாகத் தரையில் மோதுவார். மோதும் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். விமானத்தின் வேகமானியும் அங்கே மெல்லிய காற்றை அளக்கிறது: அது 130 நாட் காட்டும்போது உண்மையான வேகம் 153 நாட் அளவில் இருக்கும். சமவெளியில் 14 நொடி கிடைத்த ஆயிரம் மீட்டரில் அங்கே 12 நொடிதான் கிடைக்கும். மால்புராவில் மனப்பாடமான எண்களை மலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

விமானங்கள் ஏன் அணியாகப் பறக்கவேண்டும்? ஒவ்வொன்றாக வந்தால் பாதுகாப்பு அதிகமல்லவா?

விமானத்துக்குப் பாதுகாப்பு அதிகம், இறங்கியவர்களுக்கு இல்லை. ஒரு விமானம் கொண்டுவரும் அறுபது பேர் தரையில் தனியாகக் கால்மணி நேரம் நின்றால், பகைவனுக்கு அது போதும். பட்டாலியன் முழுவதும் சில நிமிடங்களுக்குள், ஒருவரையொருவர் கூவி அழைத்துச் சேரக்கூடிய தூரத்துக்குள் விழவேண்டும். அணிவகுப்பு இருப்பது அதற்காகத்தான். பெரும்பாலும் மூன்று விமானங்கள் ஒரு சிறுகுழுவாகவும், அத்தகைய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும் வரும். முன்னணி விமானத்தின் நேவிகேட்டர் (வழியைக் கணிப்பவர்) கண்டறியும் விடுபுள்ளியைச் சார்ந்தே மற்றவை இயங்குவதால், முன்னணியின் பிழை அணி முழுவதன் பிழையாகிவிடும். ஆகவே முன்னணி விழுந்தாலோ விலகினாலோ எந்த விமானம் பொறுப்பேற்கும் என்பது புறப்படும் முன்பே பெயர்சொல்லி முடிவாகியிருக்கவேண்டும்.

இரண்டு விமானங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி தேவை?

பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் சி-130 அணிகளில் 2,000 அடி என்பது பழகிய எண். இதைத் தூரமாகப் பார்ப்பதைவிட நேரமாகப் பார்ப்பது நல்லது. 130 நாட் வேகத்தில் அது 9 நொடி. முன் விமானத்திலிருந்து ஒருவர் குதித்த அதே புள்ளியைப் பின் விமானம் 9 நொடி கழித்துக் கடக்கும். பாராசூட் விரிவதற்குள் அவர் 200 அடி இறங்கினார் என்று வைத்து, அதற்குப் பிந்தைய 5 நொடிகளுக்கு நொடிக்கு 22 அடி என்று கூட்டினால், அவர் பின் விமானத்துக்கு ஏறத்தாழ 300 அடி கீழே இருப்பார். அந்த 300 அடிதான் அவருடைய பாதுகாப்பு. பின் விமானி சற்றே தாழ்ந்து வந்தால் அது கரைந்துபோகும். பின்னால் வருபவர் முன்னவருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ பறக்கவேண்டுமே தவிர ஒருபோதும் தாழக் கூடாது என்ற விதியின் காரணம் இதுவே.

வேகத்தைக் குறைக்கும்போது அணி ஏன் குலைகிறது?

பயணத்தில் 200 நாட் வேகத்தில் வரும் அணி, இறங்குகளத்துக்குச் சற்று முன் 130 நாட்டுக்குக் குறைகிறது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்த வண்டிகள் சுங்கச்சாவடிக்கு அருகில் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு விமானமும் அதே ஆற்று வளைவின் மேல் வந்ததும் வேகம் குறைத்தால், விமானங்களுக்கிடையேயான நேரம் மாறாது, தூரம் சுருங்கும். 2,000 அடியாக இருந்த இடைவெளி 1,300 அடியாகிவிடும். மாறாக, முன்னணியின் அறிவிப்பைக் கேட்டு எல்லாரும் ஒரே கணத்தில் குறைத்தால், தூரம் மாறாது, நேரம் நீளும். இரண்டுமே ஏற்கத்தக்க முறைகள். பாதி விமானிகள் ஒன்றையும் மீதிப்பேர் மற்றொன்றையும் மனத்தில் வைத்திருப்பது ஏற்கத்தக்கதன்று. புறப்படும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் மிகக் குறைந்த நேரம் ஒதுக்கப்படுவதும், அந்தரத்தில் மிக அதிகமான வியர்வையை வரவழைப்பதும் இந்த ஒரு பகுதிதான்.

இறக்கைச் சுழல் பாராசூட்டை என்ன செய்யும்?

பறக்கும் ஒவ்வொரு விமானமும் இரு இறக்கை முனைகளிலிருந்தும் இரண்டு சுழல்களைப் பின்னால் விட்டுச் செல்கிறது. விமானம் கனமாகவும் மெதுவாகவும் பறந்தால் சுழல் வலுப்பெறும். கனமாகவும் மெதுவாகவும் பறப்பதே பாராசூட் இறக்கம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். விரிந்த பாராசூட் சுழலுக்குள் புகுந்தால் அதன் துணி மடங்கிச் சரியலாம். இருவர் ஒருவர்மேல் ஒருவர் போய் மோதலாம்.

சுழல்கள் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வீதம் தாழ்ந்துகொண்டே காற்றோடு நகரும். இதைக் கொண்டு பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படுகிறது. ஒன்பது நொடி இடைவெளியில் முன் விமானத்தின் சுழல் 45 முதல் 75 அடிதான் இறங்கியிருக்கும். பின் விமானத்து வீரரின் பாராசூட் அதற்கும் கீழே போய்த்தான் விரியும். ஒரு நிமிட இடைவெளி என்றால், சுழல் 300 முதல் 500 அடி கீழே கிடக்கும். விரிந்த பாராசூட்டோடு வீரர் அதை ஊடுருவித்தான் இறங்கவேண்டும். இடைவெளியைக் கூட்டினால் எப்போதும் பாதுகாப்பு கூடும் என்று எண்ணுவது தவறு. நடுத்தர இடைவெளியே மோசமானது. எனவே சிறுகுழுவுக்குள் நெருக்கமும், குழுவுக்கும் குழுவுக்கும் இடையே சுழல் ஓய்ந்துபோகும் அளவு நீண்ட இடைவெளியும் வைக்கப்படுகின்றன. குறுக்குக் காற்று இருந்தால் பின்வரும் விமானங்கள் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பறக்கும்.

சி-17 விமானம் 1990-களில் அமெரிக்கப் படையில் சேர்ந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாக வெளிப்பட்டது. அதன் சுழல் வலுவானது என்பதால் அணிகளை அகலப் பிரிக்க நேர்ந்தது. பிரித்ததால் ஒரு பிரிகேடை இறக்கி முடிக்கும் நேரம் நீண்டது. பெரிய விமானம் வந்தால் வேலை விரைவாகும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இயற்பியலிடம் தோற்றது.

அணி மேகத்துக்குள் புகுந்துவிட்டால்?

ஒருவரையொருவர் காணமுடியாத அந்த நொடியில் புதிதாக எதையும் யோசிக்க நேரமில்லை. வலப்பக்க விமானம் இத்தனை பாகை வலமாகத் திரும்பி இத்தனை அடி ஏறவேண்டும், இடப்பக்க விமானம் இடமாகத் திரும்பி இன்னோர் உயரத்துக்குப் போகவேண்டும், முன்னணி நேரே செல்லவேண்டும் என்று முன்பே விதித்திருக்கவேண்டும். எங்கே, எத்தனை நிமிடத்தில் மீண்டும் சேர்வது என்பதும் அதோடு சேர்ந்தது.

நார்மண்டியில் 800-க்கும் மேற்பட்ட சி-47 விமானங்கள் அமெரிக்க வீரர்களைச் சுமந்து, வி எழுத்து வடிவக் குழுக்களாக இரவில் வந்தன. கோடன்டேன் தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாண்டியதும் எதிர்பாராத மேகத்திரள் குறுக்கிட்டது. முன்னால் சென்றவர்கள் அதைப் பார்த்திருந்தும், வானொலி மௌனம் காக்கவேண்டியிருந்ததால் பின்னால் வருபவர்களுக்குச் சொல்ல இயலவில்லை. மோதலை அஞ்சிச் சிலர் ஏறினார்கள், சிலர் இறங்கினார்கள், சிலர் விலகினார்கள். எல்லா விமானத்திலும் நேவிகேட்டர் இல்லாததால், அணியை இழந்தவர்கள் வழியையும் இழந்தார்கள். வீரர்கள் தீபகற்பமெங்கும் சிதறினார்கள். விமானிகளைக் குறை சொல்வது எளிது. மேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே விடை அவர்கள் கையில் இல்லை என்பதே என் கணிப்பில் முதற்காரணம்.

சொந்தப் படையே சுட்டுவிடாதிருக்க என்ன ஏற்பாடு?

1943 ஜூலை 11 இரவு, சிசிலியில் ஏற்கெனவே இறங்கியிருந்த படைக்கு வலுச்சேர்க்க 144 சி-47 விமானங்களில் அமெரிக்க 504-வது பாராசூட் படைப்பிரிவு வந்தது. சற்று முன்புதான் எதிரி விமானத் தாக்குதல் ஓய்ந்திருந்தது. கடற்கரையிலும் கப்பல்களிலும் இருந்த நேசநாட்டுத் துப்பாக்கிகள் சுடத் தொடங்கி 23 விமானங்களை வீழ்த்தின. விமானங்கள் வரப்போகும் செய்தி அனுப்பப்பட்டிருந்தது. எல்லாத் துப்பாக்கிகளின் பின்னாலும் இருந்தவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. ஓராண்டு கழித்து நார்மண்டிக்கு வந்த விமானங்களின் இறக்கைகளில், தம் படை அடையாளம் காண, அகன்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டன. இன்றைய திட்டங்களில் வான்வழியும் நேரச்சாளரமும் வரையறுக்கப்படுகின்றன. அவற்றோடு, செய்தி கிடைத்தது என்று கடைசிப் பிரிவுவரை மறுமொழி பெறுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சரக்கு இறக்குவது வீரர்களை இறக்குவதைவிட எளிதா?

சரக்குக்கு எளிது, கீழே நிற்பவர்களுக்கு இல்லை. ஆக்ராவிலுள்ள டி.ஆர்.டி.ஓ. (இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் உருவாக்கிய பி-7 மேடை, ஐ.எல்.-76 விமானத்திலிருந்து 7 டன் வகுப்புச் சுமையை இறக்குவதற்கானது. அத்தகைய சுமையின்கீழ் ஒருவர் மிதந்துகொண்டிருந்தால் அவர் பிழைக்க வழியில்லை. ஆகவே கனமான சரக்கை முதலில் இறக்கி முடித்தபின் வீரர்களை இறக்குவது, அல்லது இரண்டுக்கும் வெவ்வேறு இறங்குகளங்களை ஒதுக்குவது வழக்கம்.

தமிழ் வாசகர்கள் பலருக்கு நேரடி நினைவில் இருக்கக்கூடியது 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் நடந்த பூமாலை நடவடிக்கை. முந்தைய நாள் ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த நாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் துணைவர, ஏறத்தாழ 25 டன் நிவாரணப் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. அரசியலில் அதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. திட்டமிடலின் கண்ணோடு பார்த்தால் இரண்டு செய்திகள் முக்கியமானவை: பகல் வெளிச்சம் தேர்ந்தெடுக்கப்பட்டது; விமானங்கள் வருகின்றன என்பது இலங்கை அரசுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது.

மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் இறக்கும்போது பாராசூட் விரியாத ஒரே பொதி போதும். 2024 மார்ச்சில் காசாவில் வானிலிருந்து இறக்கப்பட்ட நிவாரணப் பொதிகள் மேலே விழுந்து ஐந்து பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. பசித்தவர்கள் பொதியை நோக்கி ஓடி வருவார்கள் என்பதைக் காற்றைப்போலவே ஒரு கணியமாகத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். ஆளில்லாத இடத்தில் இறக்கிப் பிறகு விநியோகிப்பதற்குத் தரையில் ஒருவர் இல்லையென்றால், அந்த இறக்கம் பாதித் திட்டம்தான்.

‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு?

இறங்குகளப் பாதுகாப்பு அதிகாரி, விமானத் தலைவர், சுமைகளைக் கவனிக்கும் லோட்மாஸ்டர், ஜம்ப்மாஸ்டர் ஆகியோருள் எவர் சொன்னாலும் இறக்கம் நிற்கவேண்டும். ‘இறக்கலாம்’ என்பதற்கு எல்லாரும் இசையவேண்டும். ‘வேண்டாம்’ என்பதற்கு ஒருவர் போதும். காரணம் கேட்பதெல்லாம் தரையிறங்கியபின். இந்த உரிமையை ஏட்டில் எழுதிவைத்துவிட்டு, பயன்படுத்தியவரை நக்கல் செய்யும் படைப்பிரிவில் அது சீக்கிரமே செத்துப்போகும்.

குதித்தவர், பாராசூட்டைத் திறக்கும் கயிற்றிலிருந்து பிரியாமல் விமானத்தோடு இழுபட்டால்?

உடனே மற்றவர்கள் குதிப்பது நிறுத்தப்படும். விமானம் வேகத்தையும் உயரத்தையும் சீராக வைத்துக்கொள்ளும். உள்ளிருந்து விசைப்பொறியால் அவரை இழுத்துக்கொள்ள முயல்வார்கள். அது இயலாதபோது, அவர் நினைவோடிருக்கிறார் என்பதைத் தலைக்கவசத்தின்மேல் கைவைத்துக் காட்டினால் கயிறு அறுக்கப்படும். அவர் இரண்டாவது பாராசூட்டைத் திறந்துகொள்வார். நினைவில்லாதவரை அறுத்துவிடக் கூடாது.

ஜி.பி.எஸ். வந்தபின் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

சரக்கைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானது. 2006-இல் ஆப்கானிஸ்தானில் பயன்பாட்டுக்கு வந்த வழிகாட்டப்பட்ட பாராசூட்டுகள் தாமே திரும்பித் திரும்பி இலக்கை நோக்கி இறங்குகின்றன. விமானக் கணினியும் விடுபுள்ளியை நொடிக்கு நொடி திருத்துகிறது. ஆனால் வட்டப் பாராசூட்டில் குதிக்கும் வீரர் இன்னமும் காற்று போகும் பக்கம் போகிறவர்தான். கணினியில் தவறான காற்றை ஊட்டினால் அது மிகத் துல்லியமாகத் தவறான இடத்தைக் காட்டும். 3 × 8 × 10 என்று மனத்தில் பெருக்கத் தெரிந்தவருக்குத்தான் திரையிலுள்ள எண் பொருந்தவில்லை என்பது தோன்றும்.

இறக்கம் எப்போது முடிந்ததாகக் கருதப்படும்?

கடைசி விமானம் திரும்பிப் போனதும் அல்ல. விமானத்தில் ஏறியவர் எத்தனை, குதித்தவர் எத்தனை, குதிக்காமல் விமானத்திலேயே திரும்பியவர் எத்தனை, கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தவர் எத்தனை என்ற நான்கு எண்களும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் தேடும் குழு முதலில் போகவேண்டிய இடம் காற்று அடித்த திசையிலுள்ள நீர்நிலை. பயிற்சியில் இன்னோர் எண்ணும் உண்டு: திரும்ப ஒப்படைக்கப்பட்ட பாராசூட்டுகள். ஒன்று குறைந்தால், கிராமத்தார் யாரேனும் துணிக்காக எடுத்துப் போயிருக்கலாம். அதை இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கோ கரும்புத் தோட்டத்தில் கால் முறிந்து கிடக்கவும் கூடும். இரண்டாவதைத்தான் முதலில் நம்பித் தேடவேண்டும்.